பர்மாவுல இருந்து வந்தவங்க யாரையாவது பாத்திருக்கீங்களா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பீச்லைன் பாலு

ரெண்டு வாரமா மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்கு, எங்கயாவது கொட்டினாதான் தூக்கம் வரும்போல. சென்னைல செகண்ட் லைன் பீச்ல அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடறவங்களுக்கு எடம் தெரியும். நான் சொல்ற கடை அந்த வரிசைல இல்ல, கொஞ்சம் உள்ள தள்ளி தள்ளுவண்டில போடறாங்க. பேரன் அத்தோ பெசைவான், அவனோட ஆயா ஓரமா ஸ்டூல் போட்டு உக்காந்து மொறுமொறு பேஜோ ஒடச்சிப் போடும், வாழத்தண்டு சூப்பை மட்டும் யாரையும் தொட விடாது. வயசு எழுபது இருக்கும்.

அன்னிக்கு மழை, கூட்டம் இல்ல. வாய் சும்மா இருக்காம, "இன்னா ஆயா, பர்மாலேந்து வரசொல்ல தேக்கு, ரத்தினம்லாம் மூட்டை கட்டி எடுத்துனு வந்துருப்பியே, இன்னும் ஏன் வண்டி தள்ளிக்கினு இருக்க"ன்னு கேட்டுட்டேன். ஜோக்குதான். அது சிரிக்கல, கோவப்படவும் இல்ல. கரண்டிய வெச்சிட்டு காதை என் பக்கம் திருப்பிக் காட்டுச்சு. தோடு இருக்கவேண்டிய எடத்துல தொடப்பக்குச்சி.

"கப்பல் ஏறசொல்ல கம்மலக் கழட்டி வாங்கிக்கினாங்க. ஓட்டை தூந்துடும்னு எங்கம்மா அங்கயே கீழ கெடந்த தொடப்பத்துல ஒரு ஈக்குச்சி ஒடச்சி சொருகி வுட்டுச்சு. எனுக்கு ஒம்பது வயசு."

அப்போலேந்து இதே குச்சியான்னு கேக்கறதுக்குள்ள அதுவே சொல்லிடுச்சு: "இது அது இல்லப்பா, கம்மல் சேட்டு கடைல கீது." அவ்ளோதான். சூப்பு இன்னும் ஊத்தட்டுமான்னு கேட்டுச்சு. நான் ஏன் அப்படிக் கேட்டேன்னு தெரியல. உங்களுக்கும் இந்த மாதிரி யாரையாவது பாத்த அனுபவம் இருந்தா சொல்லுங்க.

மேலூர் சைக்கிள்

எங்க தாத்தா கப்பல்ல வரல, நடந்து வந்தவரு. 1942. அவருக்கு அப்ப எட்டு வயசு, அவங்கப்பா ரங்கூன்ல ரைஸ் மில்லுல வேலை. 41 டிசம்பர் 23ல ஜப்பான்காரன் பிளேன் வந்தப்ப ஊரே தெருவுல நின்னு அண்ணாந்து வேடிக்கை பாத்துச்சாம், குண்டுன்னு யாருக்கும் தெரியல. மறுபடி கிறிஸ்துமஸ் அன்னிக்கும் போட்டான். மார்ச்ல ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போயிடுச்சு. இவங்க மாண்டலே போய் அங்கருந்து எல்லைல தமூ, இந்தாண்ட மணிப்பூர்ல பாலேல், இம்பால்னு நடை. காடு, மலை, மழை பிடிச்சுக்கிச்சு, காலரா. வெள்ளைக்காரனுக்கு ஒரு பாதை கறுப்பனுக்கு ஒரு பாதைன்னு விட்டாங்களாம். நாலு லட்சம் பேருக்கு மேல நடந்தாங்களாம், வழில எத்தனை ஆயிரம் போச்சுன்னு உருப்படியா எவனும் எண்ணல. இதெல்லாம் நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது, அவரு இதுல பத்துல ஒண்ணு கூட வாயத் தொறந்து சொன்னதில்ல, நாங்களும் கேக்கல.

2020ல லாக்டவுன் போட்டப்ப வடக்க கூலிக்காரங்க ஹைவேல பிள்ளைகுட்டியோட நடந்து போனாங்கள்ல, அத டிவில பாத்துக்கிட்டு இருந்தோம். தாத்தாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, காதுல கேட்டுக்கிட்டு இருந்தாரு. திடீர்னு என்னைக் கூப்புட்டு, "செருப்புப் போட்ருக்காய்ங்களா பாருடா"ன்னாரு. நானும் பாத்து, சில பேரு போட்ருக்காங்க தாத்தா, சில பேரு இல்லன்னேன். "சின்னப் பிள்ளைக?" ன்னாரு. அந்த நேரம் பாத்து ஒரு சின்னப் புள்ளயக் காட்டினான், காலி வாட்டர் பாட்டிலை நசுக்கிக் கயிறு கட்டி செருப்பாப் போட்டிருந்துச்சு. போட்ருக்கு தாத்தான்னு சொல்லிட்டேன். சரின்னு திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அடுத்த வருசம் செத்துப்போனாரு. நான் சொன்னது பொய்யா உண்மையான்னு இன்னிக்கும் எனக்கு வெளங்கல.

கருத்துகந்தசாமி

தப்பா எடுத்துக்காதீங்க, லாக்டவுனையும் பர்மா நடையையும் ஒண்ணா வெக்காதீங்க. அது போர், இது நோய். அப்புறம் பாலு சார் சொன்ன ஆயா 1942 கேஸ் இல்ல, நே வின்னு ஒரு ஜெனரல் ஆண்ட காலத்துக் கேஸ், ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. 62 மார்ச்ல மிலிட்டரி ஆட்சி, 64 மார்ச்ல கடைங்களை எல்லாம் அரசாங்கமே எடுத்துக்குச்சு, அதுக்கப்புறம்தான் கப்பல் கப்பலா மெட்ராஸ் வந்து எறங்கினாங்க.

மேலூர் சைக்கிள்

நான் எங்க குழப்புனேன்? முதல் வரிலயே கப்பல்ல வரலன்னு எழுதியிருக்கேன். படிச்சுட்டு வாங்க பாஸ்.

தொண்டிக் கடல்

64 பத்தி நான் சொல்றேன். எங்க உம்மம்மா வீட்டுல ஒரு தலகாணி இருந்துச்சு. மத்த தலகாணி எல்லாம் இலவம்பஞ்சு, இது மட்டும் அமுக்கினா சரசரன்னு சத்தம் வரும். எங்களை அதுல தலை வெக்கவே விடாது. எனக்கு ஏழெட்டு வயசு இருக்கறப்ப நானும் என் மாமா பையனும் தையலைக் கொஞ்சம் பிரிச்சு கையை விட்டுப் பாத்தோம், உள்ள பஞ்சோட பஞ்சா நோட்டு. கட்டுக் கட்டா பர்மா நோட்டு. அள்ளிக்கிட்டு மாடில போய் டிரேட் விளையாடினோம், நான்தான் பேங்க்.

விசயம் என்னன்னா 1964 மே 17ல அங்க அம்பது கியாட், நூறு கியாட் நோட்டு செல்லாதுன்னுட்டாங்க. எங்க அப்பா (உம்மாவோட வாப்பாவ நாங்க அப்பான்னுதான் கூப்புடுவோம்) ரங்கூன்ல கைலி யாவாரம், பேங்க்ல போட்டா கேள்வி கேப்பான்னு எல்லாத்தையும் கைல ரொக்கமா வெச்சிருந்திருக்காரு. மாத்தப் போனா இது எப்படி வந்துச்சுன்னு கேப்பானே, பாதியத்தான் கொண்டுபோய் கொடுத்தாரு, மீதி தலகாணிக்குள்ள. கடையையும் அதுக்கு முன்னயே எடுத்துக்கிட்டான். ஊருக்குக் கப்பல் ஏறுறப்ப நகை, பாத்திரம் எதையும் எடுத்துட்டுப் போக விடல, ஆனா செல்லாத நோட்ட யாரு தேடுவா, தலகாணி தலகாணியாவே வந்து சேந்துருச்சு.

அன்னிக்கு எங்களை வாழ்க்கைலயே அதட்டாத பொம்பளை மாடி ஏறி வந்து பளார்னு ஒண்ணு விட்டுச்சு. விட்டுட்டு ஒரு வார்த்தை பேசல. கசங்கின நோட்டை எல்லாம் பொறுக்கிட்டுப் போய் கரிப்பெட்டில நெருப்புப் போட்டு, ஒண்ணொண்ணா தேய்ச்சுச்சு. ஈரத்துணி வெச்சு மேல தேய்ச்சுச்சு, சட்டைக்குத் தேய்க்கற மாதிரி. சாயங்காலம் வரைக்கும். அப்புறம் எண்ணி ரப்பர் பேண்ட் போட்டு திரும்ப உள்ள வெச்சுத் தைச்சுருச்சு. அந்தச் சூடான பேப்பர் வாசனை இப்பக்கூட அயர்ன் கடையத் தாண்டும்போது வருது.

காரைக்குடி வளவு

2016 நவம்பர்ல நம்ம ஊர்ல எல்லாரும் ஏடிஎம் வாசல்ல நின்னப்ப எங்க வளவுல ஒரு கிழவி மட்டும், "எங்களுக்கு இது ரெண்டாவது தடவடா"ன்னுச்சு. நெசமா.

எங்க பக்கம் பர்மாங்கறது வீட்டுல இருக்கற இன்னொரு ஆளு மாதிரி. தூணு பர்மாத் தேக்கு, விசேசத்துக்குக் கவுனி அரிசி, பெட்டகத்துல ரங்கூன் மொகல் ஸ்ட்ரீட் வட்டிக்கடைக் கணக்கு. எங்க ஐயா கடைசி வரைக்கும் அந்தப் பேரேட்டை எடுத்து விரல் வெச்சு வெச்சுப் படிப்பாரு, பர்மால பெகு பக்கத்துல இத்தனை ஏக்கர், இவன் இவ்வளவு பாக்கின்னு. நிலமும் இல்ல, பாக்கி வெச்சவனும் இல்ல. ஒரு நாள் நான் பக்கத்துல உக்காந்திருந்தேன், ஒரு பேரு மேல விரலை வெச்சுட்டு, "இவன் நல்ல மனுசன், திருப்பித் தந்துருப்பான்"னாரு. எம்பது வருசம் கழிச்சும் வட்டி ஓடுது அவரு தலைக்குள்ள.

சிராங்கூன் நைட்ஷிப்ட்

@காரைக்குடி வளவு, கோவிச்சுக்காதீங்க, அந்தப் பேரேட்டோட அந்தப் பக்கத்து ஆளை நான் பாத்திருக்கேன். சிங்கப்பூர்ல என்கூட ஷிப்ட் பாக்கறவன் ஒரு பர்மாக்காரன், பெகு பக்கம். நல்ல பையன், எனக்கு லட்சம் தடவை டீ வாங்கிக் கொடுத்திருப்பான். ஒரு நாள் கேன்டீன்ல நான் தமிழ்நாடுன்னதும் "செட்டியா?" ன்னான். இல்லடான்னேன். அவனுக்குத் தமிழ்ல தெரிஞ்ச ஒரே வார்த்தை அதுதான். டிஷ்யூ பேப்பரை எடுத்து ஒரு ஆறு வரைஞ்சான், ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டம், "எங்க தாத்தாவோட தாத்தா நிலம்", அதுக்கு மேல ஒரு பெருக்கல் குறி, "செட்டி". சிரிச்சுக்கிட்டேதான் போட்டான். அப்புறம் அதே டிஷ்யூல வாயத் தொடச்சுட்டுத் தூக்கிப் போட்டுட்டான். நான் என்ன பதில் சொல்லணும்னு தெரியாம சோத்தைப் பெசஞ்சுக்கிட்டு இருந்தேன்.

நம்மாளுங்க இந்தக் கதைய சொல்லும்போது எப்பவும் துரத்தினாங்க துரத்தினாங்கன்னுதான் ஆரம்பிப்போம். 1931 சென்சஸ்ல ரங்கூன்ல பாதிக்கு மேல இந்தியருங்க. ஒருத்தன் சொந்தத் தலைநகரத்துலயே சிறுபான்மை. கீழ் பர்மால நெல் வெளையற முக்கியமான ஜில்லாக்கள்ல கால்வாசி நிலம் 1937 வாக்குல செட்டியார்கள் கைல. அவன் வயித்துல எரிச்சல் வராதா?

காரைக்குடி வளவு

அந்தக் கால்வாசி எப்படி வந்துச்சுன்னு சொல்லாம பாதில விட்டா எப்படி? 1930ல அது வெறும் ஆறு பெர்சன்ட். உலகம் பூரா மந்தம் வந்து நெல் விலை தரைக்குப் போச்சு, கடன் வாங்கினவனால கட்ட முடியல, அடமானம் மூழ்கிப்போச்சு. எங்காளுகளுக்கு நிலம் வேணும்னு எவனும் அழல, ரொக்கம்தான் வேணும். ரொக்கம் வராம சேறும் சகதியும் கைக்கு வந்துச்சு, அதையும் 48ல நில தேசியமயச் சட்டம்னு போட்டு அடிமடில கை வெச்சாங்க.

சிராங்கூன் நைட்ஷிப்ட்

அண்ணே அதையேதான் நானும் சொல்றேன், நெல் விலை விழுந்தது அவன் தப்பும் இல்லயே. பேரேட்டுல உங்க ஐயா விரல் வெச்ச அந்த நல்ல மனுசன் எங்க போனான்னு எப்பவாவது கேட்டீங்களா?

காரைக்குடி வளவு

கேக்கல. ஐயா போய் ஒம்பது வருசம் ஆச்சு தம்பி.

ஆவணம் ஆறுமுகம்

எல்லாரும் கதை சொல்றீங்க, யாராவது பாதுகாக்கறதப் பத்திப் பேசறீங்களா? என் கதை சின்னது. எங்க பெரியத்தை வந்தப்ப கொடுத்த அகதி சர்டிபிகேட், கப்பல் டிக்கெட்டோட ஒட்டினது, அதை நானே ஆர்வக்கோளாறுல லேமினேட் பண்ணேன், இங்க் பூரா மசமசன்னு ஆயிடுச்சு. அத்தை அதைக் கண்ணு கிட்ட வெச்சு வெச்சுப் பாத்துட்டு, "பேரு எங்கடா?" ன்னாங்க. முடிஞ்சது கதை.

அதனால சொல்றேன். முதல்ல, பழைய பேப்பர் எதையும் லேமினேட் பண்ணாதீங்க, செலோடேப் ஒட்டாதீங்க, ஃபெவிகால் பக்கமே போகாதீங்க, டேப்போட பசை பத்து வருசத்துல மஞ்சளாகிப் பேப்பரையே தின்னுடும். ஸ்டேப்ளர் பின், குண்டூசி இருந்தா மெதுவா எடுத்துருங்க, துரு பிடிச்சு ஓட்டை விழும். மடிச்சது மடிச்சபடி இருந்தா மடிப்புலயே கிழியும், விரிச்சு ரெண்டு சுத்தமான வெள்ளைப் பேப்பருக்கு நடுவுல வெச்சு தட்டையான பெட்டில போடுங்க. பாச்சை உருண்டை பேப்பர் மேல படாம பாத்துக்கங்க. மேலூர் சார் தாத்தாகிட்ட எதுவும் கேக்கலன்னு சொன்னாரு, இருக்கறவங்ககிட்டயாவது கேளுங்க, கேக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. "கஷ்டப்பட்டீங்களா"ன்னு கேக்காதீங்க, ஆமாம்னு ஒரு வார்த்தைல முடிஞ்சுடும். வீட்டு வாசல்ல நின்னா என்ன தெரியும், பக்கத்து வீட்டுல யாரு, தண்ணி எங்க புடிச்சீங்க, பள்ளிக்கூடத்துல பர்மாப் பசங்க உங்களை என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு கேளுங்க. போன்ல ரெக்கார்டர் ஆன் பண்ணி டேபிள் மேல குப்புற வெச்சுருங்க, ஃபேனை நிறுத்துங்க, நடுவுல பேசாதீங்க. போட்டோவை ஃபிளாஷ் போடாம ஜன்னலோர வெளிச்சத்துல எடுங்க, பின்பக்கத்தையும் எடுங்க, பின்னாடிதான் ஸ்டூடியோ சீல் இருக்கும். தொண்டிக்காரர் அந்த நோட்டு இன்னும் இருந்தா இனிமேல் தேய்க்காதீங்க.

தொண்டிக் கடல்

உம்மம்மா மவுத்தாகி, தலகாணி எங்க போச்சுன்னு மாமிமார் நாலு பேரும் ஆளுக்கொருத்தரைக் கை காட்டிக்கிட்டு இருக்காங்க. தேய்க்கறது இருக்கட்டும்.

சித்தியவான் லயத்துப் பிள்ளை

மலேசியால இருந்து எழுதுறேன். நீங்கள் எல்லாம் பர்மால இருந்து வந்த கதைய சொல்றீங்க, எங்க பாட்டன் பர்மா பக்கம் போனவரு திரும்பி வரவே இல்லை. சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குப் போனவரு. 1943ல தோட்டத்துல ஜப்பான்காரன் வந்து மூணு மாசம் வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம்னு சொன்னான், பாதி பேரு நம்பல, அப்புறம் ஓசில படம் காட்டுறேன்னு கூப்பிட்டு லாரியில ஏத்திட்டான்னு பாட்டி சொல்லும். தாய்லாந்துல இருந்து பர்மா தன்பியூசயாட் வரைக்கும் 415 கிலோமீட்டர் தண்டவாளம், ஒரு வருசம் சொச்சத்துல காட்டை வெட்டிப் போட்டாங்க. வெள்ளைக்காரக் கைதிங்க பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல செத்தாங்க, ஆசியாக்காரத் தொழிலாளிங்க அதுக்குப் பல மடங்கு, அதுல நம்ம தோட்டத்து ஆளுங்க நிறைய. 'பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' இங்கிலீஷ் படத்துல விசில் அடிச்சுக்கிட்டுப் போறதெல்லாம் வெள்ளைக்கார சிப்பாய்ங்கதான், லயத்துல இருந்து போனவன் யாரும் அதுல இல்லை.

1998ல பாட்டியைத் தாய்லாந்துல காஞ்சனபுரிக்குக் கூட்டிட்டுப் போனோம். அதுக்கு எழுபத்தஞ்சு வயசு இருக்கும். அங்க சிப்பாய்ங்க கல்லறைத் தோட்டம் இருக்கு, புல்லு வெட்டி, பூச்செடி வெச்சு, ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் பேருக்கு மேல, ஒவ்வொருத்தனுக்கும் பேரு, வயசு, ரெஜிமென்ட். பாட்டி பத்துமலைல இருந்து துன்னூறு பொட்டலம் மடிச்சு எடுத்துட்டு வந்திருந்துச்சு. வரிசை வரிசையா நடந்துச்சு. படிக்கத் தெரியாது, ஆனா ஒவ்வொரு கல்லுலயும் நின்னு நின்னு போச்சு. முக்கால் மணி நேரம் கழிச்சு என்கிட்ட வந்து, "நம்ம ஆளுங்களை எந்தப் பக்கம் வெச்சிருக்காங்க?" ன்னு கேட்டுச்சு. எந்தப் பக்கமும் இல்லை பாட்டின்னு சொல்ல எனக்கு வாய் வரல, அந்தப் பக்கம்னு கையை நீட்டிட்டேன், அந்தப் பக்கம் ரோடு இருந்துச்சு, ரோட்டுக்கு அந்தாண்ட ரயில்வே ஸ்டேஷன். பாட்டி அங்க போய் தண்டவாளத்துக்கு நடுவுல சிலீப்பர் கட்டை மேல பொட்டலத்தைப் பிரிச்சுக் கொட்டிருச்சு. காத்துல பாதி அதோட சேலை மேலயே வந்து விழுந்துச்சு. டூரிஸ்ட் ஒருத்தன் போட்டோ எடுத்தான்.

மேலூர் சைக்கிள்

நீங்க கையை நீட்டுனதும் நான் போட்ருக்குன்னதும் ஒண்ணுதான் அண்ணே.

கருத்துகந்தசாமி

பர்மா பஜார் பத்தி யாரும் சொல்லல பாருங்க. 69ல அகதிங்களுக்குன்னு கவர்மென்ட் எடம் கொடுத்தது. நான் காலேஜ் படிக்கறப்ப அங்க ஒரு வாக்மேன் வாங்கினேன், வீட்டுக்கு வந்து தொறந்தா உள்ள மோட்டாரே இல்ல. அதான் என் அனுபவம்.

எல்லைச்சாமி 2003

மோட்டாரை விடுங்க. நான் பட்டாளத்துல இருந்தவன், 2003ல மணிப்பூர்ல போஸ்டிங். மோரேன்னு ஒரு பார்டர் ஊரு, அந்தாண்ட கால் வெச்சா பர்மா தமூ. முத நாள் ரோந்து போறோம், விடியக்காலம், பனி, எங்கிட்டோ "விநாயகனே வினை தீர்ப்பவனே" ஸ்பீக்கர்ல. எனக்கு மப்பு தெளியலையோன்னு ஆயிருச்சு. பாத்தா கோயிலு, அங்காளபரமேஸ்வரி முனீஸ்வரர், நம்மூரு மாதிரியே கோபுரம்.

வாசல்ல ஒரு அம்மா இட்லி விக்குது, மூஞ்சில தனக்கா (பர்மாக்காரங்க பூசற மரப்பட்டைச் சாந்து) பூசியிருக்கு, கட்டியிருக்கறது பர்மா லுங்கி, பேசறது ராமநாதபுரம் தமிழ். 64, 65ல கப்பல்ல மெட்ராஸ் வந்தவங்கள்ல சில பேருக்கு அங்க பொழப்பு ஓடல, மறுபடி பர்மாவுக்கே போயிருவோம்னு ரயிலேறி, அப்புறம் ரோட்டு வழியா இம்பால் வந்து இந்த வழியா நடந்துருக்காய்ங்க. தமூவுல அந்த ஊரு மிலிட்டரி திருப்பி அனுப்பிட்டான். திரும்பிப் போக மனசில்லாம அந்த எல்லைக் கோட்டுலயே குடிசையப் போட்டு உக்காந்துட்டாய்ங்க. அந்த அம்மா அங்கனயே பொறந்தது. ராமநாதபுரத்தைக் கண்ணால பாத்ததில்ல. நான் பரமக்குடின்னதும் இட்லிய எடுத்த கை அப்படியே நிக்குது, கேட்ட முத கேள்வி, "ஊருல மழை பேஞ்சுச்சாண்ணே?"

எனக்குத் தெரியல அப்ப மழை பேஞ்சுச்சா இல்லையான்னு. பேஞ்சுச்சு ஆத்தான்னேன். இட்லிக்குக் காசு வாங்கல.

ரெண்டு வருசம் அங்க இருந்தேன், போன் நம்பர் வாங்கி வெச்சுக்கிட்டேன், பொங்கலுக்குப் பொங்கல் பேசுவோம். 95ல அங்க குக்கி பழங்குடிக்காரங்களோட தகராறுல நிறையத் தமிழ் ஆளுக ஊரை விட்டே போயிட்டாய்ங்களாம், இந்த அம்மா போகல. 2023 மே மாசம் மணிப்பூர் பத்தி எரிஞ்சப்ப போட்டேன், ரிங் போகல. இப்பவும் போகல. நம்பரை அழிக்கல.

பீச்லைன் பாலு

திரி இவ்ளோ நீளும்னு நெனைக்கல. நேத்து மறுபடி போனேன். கம்மலை நான் மூட்டுத் தரட்டுமான்னு கேக்கலாம்னுதான் போனேன், அங்க நின்னதும் தைரியம் வரல. ஆறுமுகம் சார் சொன்னது ஞாபகம் வந்து, "ஆயா, அங்க உங்க வூட்டு வாசல்ல நின்னா இன்னா தெரியும்?" ன்னேன்.

கரண்டிய ஆட்டாம கொஞ்ச நேரம் யோசிச்சுது. "மாடில நின்னா சூலே பகோடா தெரியும். தங்கக் கலரு"ன்னுச்சு. ரங்கூன்ல இருக்கற புத்தர் கோயில் அது.

பேரன் அத்தோ பெசைஞ்சுக்கினே, "தங்கக் கலர் பக்கோடாவா? எத்தினி ரூபா?" ன்னான். ஆயா கரண்டியாலயே அவன் முதுகுல ஒண்ணு போட்டுட்டு சிரிச்சுச்சு பாருங்க, மூணு வருசமா போறேன், அது சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அதுக்கு மேல எதுவும் கேக்கல, ஒரு முட்டை பேஜோ பார்சல் வாங்கிக்கினு வந்துட்டேன்.